வலது பக்கமாகவே நின்ற பாடகி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அந்தப் பெரிய ஹெட்ஃபோன் மச்சானின் தயவால் வந்து சேர்ந்தது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அவனுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஆனால் பாட்டு கேட்கும் கருவிகளைப் பற்றிப் படிப்பது, வாங்குவது, வாங்கியதைக் குறை சொல்வது, குறை சொன்னதை யார் தலையிலாவது கட்டிவிட்டு அடுத்ததை வாங்குவது, இதுதான் அவனுடைய உண்மையான பிழைப்பு என்று அவன் அக்காவே சொல்வாள். புது ஹெட்ஃபோன் வந்ததும் பழசுக்கு வரன் தேடினான். அகப்பட்டவர் மாமா.

பழசு என்றாலும் லேசுப்பட்ட சாமான் இல்லை. காது முழுவதையும் மூடும் மெத்தைகள், தலைமேல் தோல்பட்டை, நல்ல கனமான ஒயர். கண்ணாடிக்காரர் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கடையின் நிலைக்கண்ணாடியில் பார்த்தார். விமானம் ஓட்டுகிறவர் மாதிரி இருந்தது. மனசுக்குப் பிடித்துவிட்டது. அப்புறம்தான் ஒரு சங்கதி தெரிந்தது. ஒயரின் நுனியில் ஊசி இருந்தது, அவருடைய செல்ஃபோனில் அதைச் செருகுவதற்குத் துளை இல்லை.

மச்சானிடம் கேட்டார். அவன் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் போல நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"செல்லுக்குள்ள பாட்டு பாட்டா இல்ல மாமா, வெறும் எண்ணா இருக்கு. அந்த எண்ணை மறுபடியும் சத்தமா மாத்தித் தர்றதுக்குத்தான் டேக்னு ஒண்ணு இருக்கு. ஹெட்ஃபோனை விட அதுதான் முக்கியம். தப்பா வாங்கிட்டீங்கன்னா இந்த ஹெட்ஃபோனுக்கே அவமானம்."

கண்ணாடிக்காரருக்கு இது சட்டென்று புரிந்தது. டாக்டர் சீட்டில் எழுதுகிற எண்ணை அவர் கண்ணாடியாக்கித் தருகிறார், இந்த டேக் பாட்டாக்கித் தருகிறது. எண் ஒன்றாக இருந்தாலும் தேய்க்கிற கை சரியில்லாவிட்டால் கண்ணாடி கோணிப்போகும். ஆகவே தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

கவனம் என்றால் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பல் துலக்கும் பிரஷ் வாங்கவே நாலு பேரைக் கேட்கிற ஆள். மச்சான் அனுப்பிய இணைப்புகளை எல்லாம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. ஒரு டேக்கின் ஒலி கதகதப்பாக இருக்கிறதாம். இன்னொன்று குளிர்ச்சியாம். மூன்றாவதன் பின்னணி கும்மிருட்டாம். அதையே இன்னொருவர் வாங்கிவிட்டு, மேடை குறுகலாக இருக்கிறது, வாத்தியக்காரர்கள் தோளோடு தோள் இடித்துக்கொள்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தார். இதையெல்லாம் வாய்விட்டு வாசித்தபோது, ஃப்ரேமின் காலை வளைத்துச் சரிசெய்துகொண்டிருந்த மனைவி தலை நிமிராமல் கேட்டாள்.

"கதகதப்பா, குளிர்ச்சியா? பாட்டு கேக்கப் போறீங்களா, குளிக்கப் போறீங்களா?"

வாங்குவதற்கு அவள் தடை சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. நம் கடையில் ஒரு சாதாரண ஃப்ரேம் என்ன விலையோ அதைத் தாண்டக்கூடாது. அவள் தம்பியின் வீட்டுக்கூடத்தில் நடக்க இடமில்லாமல் ஒயர் ஓடுவதைப் பார்த்து வந்தவள் அவள்.

அந்த விலைக்குள் நல்லதாக எங்கே கிடைக்கும் என்று விசாரித்ததில் எல்லோரும் கைகாட்டியது ஒயரக்காவை. பழைய வணிக வளாகத்தின் மாடியில், செருப்புக்கடைக்கும் நகலெடுக்கும் கடைக்கும் நடுவே, ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கும் அளவுக்கு ஒரு கடை. கூரையிலிருந்து கொடி கொடியாக ஒயர்கள் தொங்கும். அதனால் அந்தப் பெயர். ஒயரக்கா அதிகம் பேசுகிறவள் இல்லை. என்ன ஹெட்ஃபோன், என்ன செல், உட்கார்ந்து கேட்பீர்களா நடந்துகொண்டு கேட்பீர்களா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, விரல் நீளம்கூட இல்லாத ஒரு பொருளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒரு பக்கம் செல்லில் செருகுகிற முனை, மறு பக்கம் ஹெட்ஃபோனுக்குத் துளை, நடுவில் கட்டை விரல் அகலத்துக்கு ஒயர்.

"இது போதும் சார்."

கண்ணாடிக்காரருக்கு மனம் ஒப்பவில்லை. அத்தனை படித்ததெல்லாம் இந்தச் சுண்டுவிரலுக்காகவா என்று இருந்தது. ஒலி கதகதப்பா குளிர்ச்சியா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒயரக்கா அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பாட்டு எப்படியோ அப்படி இருக்கும் என்றாள். விலை ஃப்ரேமின் விலையில் பாதிகூட இல்லை. வாங்கி வந்தார்.

கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் இருக்கிறது. சாயங்காலம் அதை நிறுத்திவிட்டு, தண்ணீர்த் தொட்டியைத் துடைத்துவிட்டு, சுழல் நாற்காலியில் சாய்ந்து, எல்லாவற்றையும் செருகி, அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டார். ஒரு பாடகி, ஒரு வயலின், பின்னால் மெதுவாகத் தாளம். முதல் வரியிலேயே உடம்பு சிலிர்த்தது. பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இரண்டாவது வரியில் ஏதோ இடறியது. பாடகி நடுவில் இல்லை. வலது காதோரம் வந்து நின்றுகொண்டு பாடினாள். வயலின்காரர் இருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா என்றே தெரியவில்லை. வேறு பாட்டு போட்டார். அந்தப் பாடகரும் வலது பக்கம்தான். எந்தப் பாட்டைப் போட்டாலும், கூட்டம் முழுக்க ஒரே பக்கம் தொற்றிக்கொண்ட பேருந்து மாதிரி வலது பக்கமே சாய்ந்தது.

மச்சானுக்கு ஃபோன் போட்டார். அவன் ஆச்சரியப்படவில்லை. மலிவுச் சாமானில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வராது, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள் என்றான். ஹெட்ஃபோனில் ஏதாவது இருக்குமோ என்று கேட்க கண்ணாடிக்காரருக்கு நா வரை வந்தது. ஆனால் கொடுத்த பொருளைக் குறை சொல்கிற மாதிரி ஆகிவிடும். மச்சான் அந்த விஷயத்தில் தொட்டாற்சுருங்கி. கேள்வியை விழுங்கிவிட்டார்.

மறுநாள் ஒயரக்கா அந்தச் சின்னதைத் தன் ஹெட்ஃபோனில் மாட்டிக் கேட்டாள். கண்ணை மூடி முழுப்பாட்டும் கேட்டாள். இரண்டு பக்கமும் சமமாகத்தான் வருகிறது என்றாள். இல்லை என்றார் இவர். வருகிறது சார் என்றாள் அவள். இல்லவே இல்லை என்று இவர் கொஞ்சம் குரலை உயர்த்தவும், நகலெடுக்கும் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒயரக்கா பேச்சை வளர்க்காமல், தீப்பெட்டி இரண்டைச் சேர்த்து வைத்த அளவில், திருகு வைத்த ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தாள். விலை ஃப்ரேமின் விலையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. வித்தியாசத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.

பெட்டியிலும் பாடகி வலது பக்கமே நின்றாள்.

இப்போது மச்சான் வேறு வைத்தியம் சொன்னான். புதுச் சாமான் பழக வேண்டுமாம். யாரும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, விடாமல் பாட விட வேண்டுமாம். நாலைந்து நாளில் அடைப்பு எல்லாம் நீங்கித் திறந்துகொள்ளுமாம். அப்படியே செய்தார். பகலெல்லாம் பெட்டியையும் ஹெட்ஃபோனையும் பழைய செல்லில் இணைத்து, ஃப்ரேம் வைக்கிற இழுப்பறையில் போட்டு மூடி வைத்தார். சதுர ஃப்ரேம் கேட்ட ஒரு வாடிக்கையாளருக்காக மனைவி அந்த இழுப்பறையைத் திறக்க, உள்ளேயிருந்து மெல்லிய குரலில் யாரோ பாடவும், இருவரும் ஒரு நிமிஷம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

பழக்கி முடித்த பிறகு கேட்டபோது கொஞ்சம் தேவலை போல இருந்தது. அடுத்த நாள் அந்தத் தேவலையும் காணோம். கண்ணாடிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. நிதானமான மனிதர்தான், ஆனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றிவிட்டால் தாங்கமாட்டார். ஒயரக்காவின் கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. அதில் இரண்டே நட்சத்திரம் போட்டு, இந்தக் கடையில் வாங்கிய இரண்டு டேக்கிலும் இடது பக்கத்துக்கு உயிர் இல்லை என்று எழுதிவிட்டார். மனம் வருந்துகிறோம், பொருளோடு வாருங்கள் என்று சாயங்காலமே பதில் வந்தது. அவர் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். சாப்பிட்டு முடித்ததும் பின்னறைக்குப் போய், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். தலை மெல்ல ஆடியது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, ஆமாம் மாமா, இடது பக்கம் கொஞ்சம் மந்தம்தான், சாதாரணக் காதுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும் என்றான். கண்ணாடிக்காரருக்கு நிம்மதியாக இருந்தது. துணைக்கு ஒரு நிபுணர் கிடைத்துவிட்டார்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, கையைத் துடைத்தபடி உள்ளே வந்து ஹெட்ஃபோனை வாங்கி மாட்டினாள். அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. பாதிப் பாட்டு வரை கேட்டாள்.

"எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் கேக்குது. பாடறவங்க நடுவுல இருக்காங்க. வயலின் இந்தப் பக்கம்." இடது கையைக் காட்டினாள்.

ஆண்கள் இருவரும் அவளைப் பரிவோடு பார்த்தார்கள். அக்கா, இதுக்கெல்லாம் பழக்கம் வேணும் என்றான் தம்பி. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஹெட்ஃபோனைக் கழற்றிக் கணவரிடம் நீட்டினாள்.

"இதைத் திருப்பிப் போடுங்க."

"எதுக்கு?"

"புதுக்கண்ணாடி ஒரு பக்கம் மங்கலா இருக்குன்னு வந்தா, குறை கண்ணாடியிலயா கண்ணுலயான்னுதானே மொதல்ல பாப்பீங்க? கண்ணாடியைத் திருப்பி மாட்ட முடியாது, இதை மாட்டலாமில்ல? இடதை வலதுல போடுங்க."

போட்டார். சாமானில் குறை என்றால் பாடகி இப்போது இடது பக்கம் வந்திருக்க வேண்டும். அவள் வரவில்லை. இருந்த இடத்தைவிட்டு அசையாமல் வலது காதோரமே நின்று பாடிக்கொண்டிருந்தாள்.

அவர் முகத்தைப் பார்த்தே மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மச்சானுக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. ஒயரில் ஏதாவது இருக்கும் மாமா என்று ஆரம்பித்தான். ஒயரும் கூடத்தான்டா திரும்பியிருக்கு என்றாள் அக்கா. சற்று முன்னால் தனக்கும் மந்தமாகக் கேட்டதாகச் சொன்னது நினைவுக்கு வந்ததோ என்னவோ, ஒரு அவசர வேலை இருக்கிறதென்று எழுந்துவிட்டான்.

அன்று கண்ணாடிக்காரர் பின்னறையில் தனியே போய் உட்கார்ந்தார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் காதருகே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வலது பக்கம் சரசரவென்று கேட்டது. இடது பக்கம் தேய்ப்பது யாருடைய விரலோ போல இருந்தது. கண்ணில் புரை என்று தெரிந்ததும் முகம் வெளிறிப்போகிறவர்களை அவர் தினமும் பார்க்கிறார். இதெல்லாம் ஒன்றுமே இல்லை, பயப்படாதீர்கள் என்று தோளில் தட்டி அனுப்புகிறார். இப்போது தன் தோளில் தானே தட்டிக்கொள்ள முடியவில்லை. இன்று இடது, நாளை வலது, அப்புறம் வாடிக்கையாளர் சொல்வதை அவர் வாயைப் பார்த்தே ஊகிக்க வேண்டியதுதான் என்று எங்கெங்கோ போனது புத்தி. காலையில் காது டாக்டரிடம் போகிறோம், கடையைக் கொஞ்சம் தாமதமாகத் திறந்துகொள்ளலாம் என்றாள் மனைவி.

காது டாக்டர் சின்னவயசுப் பெண். விறுவிறுவென்று பேசினாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள். இவர் டேக் வாங்கியதிலிருந்து என்றார். டாக்டர் அதைப் புரிந்துகொள்ள முயலவில்லை. விளக்கு வைத்த கருவியை இடது காதில் வைத்து உள்ளே பார்த்தாள். பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு சுவாரசியம் தெரிந்தது.

"அழுக்கு சார். நல்லா கெட்டியா அடைச்சுக்கிட்டிருக்கு. கம்மல் திருகாணி விழுந்திருந்தாக்கூட எனக்குத் தெரியாது, அவ்வளவு இருக்கு."

சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தாள். சில நாள் ஊறவிட்டு மறுபடி போனபோது, காதுக்குக் கீழே ஒரு கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சினாள். தலைக்குள் ஆறு ஓடியது. திடீரென்று ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. மின்விசிறி கடகடவென்றது. வெளியே யாரோ பிளாஸ்டிக் பையைக் கசக்கினார்கள். நர்ஸ் பேனாவின் மூடியைத் திறந்தது, அது காதுக்குள்ளேயே திறந்த மாதிரி கேட்டது. கிண்ணத்தில் கிடந்ததைப் பார்த்து, இதுவா இவ்வளவு நாள் உள்ளே குடியிருந்தது என்று அவருக்கே கூச்சமாகிவிட்டது. ஒரு வருஷமாவது இருந்திருக்கும் என்றாள் டாக்டர். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்ததால் தெரியவில்லையாம்.

படியிறங்கும்போது மனைவி பாதிப் படியில் நின்றாள்.

"கடையில நான் எந்தப் பக்கம் உக்காருவேன்?"

யோசித்தார். கல்லாவுக்கு அந்தப்பக்கம், அதாவது அவருக்கு இடது பக்கம்.

"ஒரு வருஷமா நான் ஒண்ணு சொன்னா நீங்க திரும்பறதே இல்ல. ரெண்டாவது தடவை சொன்னா எரிச்சல் படுவீங்களோன்னு விட்டுடுவேன். வயசாச்சு, இனிமே நம்ம பேச்சு இவருக்கு எதுக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

எனக்குக் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை என்றார். அவள் நம்பினாள், ஆனாலும் முகத்தைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தாள். ஒரு தடவைகூடக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்ததில்லையா என்று கேட்டாள். சில தடவை அதுவும் உண்டு என்று ஒத்துக்கொண்டார். அதற்கு அவள் சிரித்துவிட்டாள். படியிலேயே கொஞ்ச நேரம் நின்று, ஒரு வருஷத்தில் அவருக்குக் கேட்காமல் போனதில் முக்கியமான சிலவற்றைத் திரும்பச் சொன்னாள். சந்துப்பக்கத்துக் குழாய் ஒழுகுவது அதில் ஒன்று.

அடுத்து ஒயரக்கா. போகாமல் தப்பிக்க முடியாது. தனியாகப் போகத் தெம்பில்லாமல் மனைவியையும் அழைத்துக்கொண்டு, பெட்டியோடும் ஹெட்ஃபோனோடும் மாடி ஏறினார். இரண்டு நட்சத்திரத்தை ஏறும்போதே அழித்துவிட்டார். ஒயரக்கா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், சண்டைக்குத் தயாரானவள் போல. அவர் ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னார். காதில் அடைப்பு என்ற இடத்தில் குரலைத் தணித்துக்கொண்டார், நகலெடுக்கும் கடைக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒயரக்கா கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்காக மொத்தக் கடைக்காரர்கிட்ட நான் பெரிய சண்டை போட்டு, அந்தச் சின்னதைத் திருப்பி அனுப்பினேன் சார். ஒரு குறையும் இல்லைன்னு நேத்துதான் திரும்பி வந்துச்சு. இப்ப அவர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"காதுல அடைப்புன்னு சொல்லுங்க."

"யார் காதுலன்னு கேப்பார்."

"என் காதுலதான்னு சொல்லிடுங்க. வேணும்னா நானே பேசறேன்."

ஒயரக்காவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. ஒரு தடவை வந்துவிட்டால் அவளுக்கு நிற்காது போலிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சின்னதை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். இப்போது இரண்டு காதாலும் கேட்டுச் சொல்லுங்கள், எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

ஸ்டூலில் உட்கார்ந்து, அதே பாட்டை முதலில் சின்னதில் கேட்டார். பாடகி நேர் நடுவில், ஒரு கை தூரத்தில் நின்றாள். இடது பக்கம் வயலின்காரர் வந்திருந்தார், வில்லை மாற்றும்போது கிர்ரென்ற சின்ன உரசல் உட்பட. அந்த வயலின் அவ்வளவு வேலை செய்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அப்புறம் பெட்டியில் கேட்டார். அங்கேயும் பாடகி நடுவில், வயலின் இடதில். மாற்றி மாற்றிக் கேட்டார். கதகதப்பு, குளிர்ச்சி, இருட்டு, மேடை என்று படித்த ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்தார். தன் கடையில் ஒரே லென்ஸை இரண்டு தடவை மாட்டி, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டால், இரண்டாவதுதான் தெளிவு என்று அடித்துச் சொல்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அந்த வரிசையில் தானும் நிற்க வேண்டாம் என்று தீர்மானித்தார்.

"எனக்கு வித்தியாசம் தெரியல."

"எனக்கும் தெரியாது சார். அதான் மொத நாளே சின்னதைக் குடுத்தேன்."

அப்போ சின்னதே போதும் என்று அவர் எடுக்கப் போனார். ஹெட்ஃபோன் மனைவியிடம் போயிருந்தது. அவள் ஒரு பக்க மெத்தையை மட்டும் நகர்த்திவிட்டு, பெட்டியின் முகப்பில் ஒல்லியாக ஒன்று, தடிமனாக ஒன்று என்று இரண்டு துளை இருக்கிறதே, எதற்கு என்று கேட்டாள். இரண்டு விதமான ஊசிக்கு என்றாள் ஒயரக்கா. ஒரே நேரத்தில் இரண்டிலும் பாட்டு வருமா என்று கேட்டாள் மனைவி. ஒயரக்காவை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தடிமன் துளையை ஒல்லி ஊசிக்கு ஏற்றதாக்கும் ஒரு மாற்றியை அதில் செருகி, தன் ஹெட்ஃபோனை மாட்டிப் பார்த்தாள். வந்தது.

அத்தனை ஆராய்ச்சியும் அத்தோடு முடிந்தது. பெட்டி கண்ணாடிக்காரரிடமே தங்கியது. கூடவே ஒரு மலிவான ஹெட்ஃபோனும் வாங்கினார்கள், தலைக்குக் கனம் இல்லாததாகப் பார்த்து மனைவி தேர்ந்தெடுத்தது. மாற்றியை ஒயரக்கா சும்மா கொடுத்தாள். மச்சானுக்கு இப்போதைக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்று இறங்கும்போது இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். சொன்னால் இணைப்புகள் வர ஆரம்பித்துவிடும்.

அன்று சாயங்காலம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பின்னறையில் இன்னொரு நாற்காலியையும் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். முதல் பாட்டை அவள் தேர்ந்தெடுத்தாள். பாடகி இரண்டாவது வரிக்கு வரும்போது பாட்டு சட்டென்று நின்று, இருவர் காதிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. செல்லில் மச்சானின் பெயர்.

"எடுக்காதீங்க," என்றாள் மனைவி.

அவர் எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. விட்ட இடத்திலிருந்து பாடகி தொடர்ந்தாள்.